வங்கியின் கணனிப் பிரிவில் வேலை: நேர்முகப் பரீட்சைக்கு எமது பிள்ளைகள் தயாராவது எப்படி?



1888ஆம் ஆண்டில் ஆர். டி. பேங்க்ஸ், ஏ. டி. அட்கின் என்ற இரண்டு வெள்ளைக்காரத் துரைமார் ஹட்டன் நகரில் சிறிய வங்கியொன்றைத் தொடங்கினார்கள். அதுவே 1970இல் ஹட்டன் நெஷனல் வங்கியாகி, இன்று நாட்டின் பெரிய வங்கிகளில் ஒன்றாக வளர்ந்திருக்கிறது. தேயிலை மலையில் பிறந்த வங்கி அது. ஆனாலும் வங்கி என்பது துரைமாருக்கும் கடை முதலாளிமாருக்கும் உரிய இடம் என்றுதான் எமது பாட்டன் பாட்டிமார் நினைத்து வாழ்ந்தார்கள்.

இன்று நிலைமை வேறு. எமது பிள்ளைகள் பேராதனை, மொரட்டுவை, ஊவா வெல்லஸ்ஸ போன்ற பல்கலைக்கழகங்களில் கணனி படித்துப் பட்டம் பெறுகிறார்கள். பெரிய வங்கிகளின் கணனிப் பிரிவுகளுக்கு விண்ணப்பமும் போடுகிறார்கள். நேர்முகப் பரீட்சைக்கு வரச்சொல்லி அழைப்பு வந்ததும் லயமே சந்தோஷப்படுகிறது. அதோடு வீட்டில் ஒரு பயமும் தொற்றிக்கொள்கிறது. "அங்க என்னா கேப்பாங்க? நம்ம புள்ளக்கி இங்கிலிஷ் சரளமா வராதே? தெரிஞ்ச ஆளு யாரும் இல்லையே?" அந்தப் பயத்தைத் தெளிவிப்பதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறோம். படித்த பிள்ளைக்கும் அந்தப் பிள்ளையைப் பெற்றவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறோம்.

அது என்ன வேலை?

வங்கி வேலை என்றதும் கவுன்டரில் காசு எண்ணும் வேலைதான் நினைவுக்கு வரும். கணனிப் பிரிவு அப்படிப்பட்டதல்ல. ஏ.டி.எம். இயந்திரத்தில் அட்டையைப் போட்டதும் பணம் வருகிறது. மத்திய கிழக்கில் வேலை செய்யும் மகள் அனுப்பும் பணம் அம்மாவின் கணக்கில் விழுகிறது. கைத்தொலைபேசியில் மின்சார பில்லைக் கட்டுகிறோம். இவை எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது கணனிச் செயல்நிரல்கள். அவற்றை எழுதவும், சோதித்துப் பார்க்கவும், இராப்பகலாக நிற்காமல் ஓடவைக்கவும், திருடர் கைக்குப் போகாமல் காக்கவும் ஆட்கள் வேண்டும். அந்த வேலைக்குத்தான் புதிய பட்டதாரிகளை எடுக்கிறார்கள். பயிலுனர், இணை மென்பொருள் பொறியியலாளர் என்று ஒவ்வொரு வங்கியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும்.

எத்தனை படிகள்?

வங்கிக்கு வங்கி முறை வேறுபடும். பொதுவாக நான்கு படிகள் இருக்கும்.

முதலாவது, விண்ணப்பம். அநேகமாக இணையம் வழியாகத்தான்.

இரண்டாவது, கணனியில் செய்யும் தேர்வு. இதில் கணக்கு, தர்க்கக் கேள்விகள் வரும். ஒன்றிரண்டு சிறிய செயல்நிரல்களையும் எழுதச் சொல்வார்கள்.

மூன்றாவது, தொழில்நுட்ப நேர்முகம். அந்தப் பிரிவில் வேலை செய்யும் பொறியியலாளர்கள் இரண்டு மூன்று பேர் இருந்து கேள்வி கேட்பார்கள். சில இடங்களில் ஐந்தாறு பேரை ஒரே மேசையில் உட்காரவைத்து, ஒரு பிரச்சினையைக் கொடுத்துப் பேசவைப்பதும் உண்டு.

நான்காவது, பிரிவுத் தலைவரும் மனிதவள முகாமையாளரும் பேசிப்பார்க்கும் இறுதி நேர்முகம்.

பணம் நடுவழியில் நின்றால்?

தொழில்நுட்ப நேர்முகத்தில் என்ன கேட்பார்கள்? பல்கலைக்கழகத்தில் படித்ததைத்தான் கேட்பார்கள். ஆனால் அதை வங்கியின் பிரச்சினையாக மாற்றிக் கேட்பார்கள். ஓர் உதாரணம்:

அம்மாவின் கணக்கில் 12,000 ரூபா இருக்கிறது. அதில் 5,000 ரூபாவை அதே வங்கியில் உள்ள மகளின் கணக்குக்கு அனுப்புகிறார். அம்மாவின் கணக்கில் கழித்தாகிவிட்டது. மகளின் கணக்கில் சேர்க்குமுன் மின்சாரம் நின்றுவிட்டது. அந்த 5,000 ரூபா எங்கே?

கழிப்பதையும் சேர்ப்பதையும் ஒரே வேலையாகக் கட்டிவைக்க வேண்டும் என்பதுதான் விடை. நடந்தால் இரண்டும் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டுமே நடக்கக் கூடாது. இப்படிக் கட்டிய வேலையை ட்ரான்ஸெக்ஷன் என்பார்கள். கணக்கில் கை வைக்கும் முன்பே, செய்யப்போவதை ஒரு தனிக் குறிப்பேட்டில் கணனி பதிந்துகொள்கிறது. மின்சாரம் திரும்பியதும் அந்தக் குறிப்பேட்டைப் பார்க்கிறது. முடிந்தது என்ற முத்திரை, அதாவது கொமிட், அங்கே இல்லாவிட்டால், கழித்த 5,000 ரூபாவை அம்மாவின் கணக்கிலேயே திரும்ப வைத்துவிடுகிறது. இதற்கு ரோல்பேக் என்று பெயர்.

இதோடு விடமாட்டார்கள். "மகளின் கணக்கு வேறு வங்கியில் இருந்தால்?" என்று அடுத்ததைக் கேட்பார்கள். 2015 முதல் லங்காபே வலையமைப்பு ஊடாக ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு உடனுக்குடன் பணம் போகிறது. அங்கே இரண்டு வங்கிகளுக்கும் தனித்தனிப் பதிவேடு. ஒன்று தன் ஏட்டை அழித்துத் திருத்தினாலும் மற்றதன் ஏடு தானாகத் திருந்தாது. ஆகவே போய்ச்சேராத பணத்துக்கு எதிர்ப்பதிவு போட்டு அம்மாவின் கணக்கில் திரும்பச் சேர்க்க வேண்டும். மாலையில் இரண்டு வங்கியின் ஏடுகளையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கவும் வேண்டும்.

இன்னொரு கேள்வி. ஒரே கணக்கில் 10,000 ரூபா இருக்கிறது. ஹட்டனில் அப்பா 8,000 எடுக்கிறார். அதே நொடியில் கொழும்பில் மகன் 5,000 எடுக்கிறார். இரண்டு இயந்திரமும் ஒரே நேரத்தில் கணக்கைப் பார்த்து, "10,000 இருக்கிறது" என்று பணத்தைக் கொடுத்துவிட்டால் வங்கிக்கு 3,000 ரூபா நட்டம். இதைத் தடுக்க, முதலில் வந்தவரின் வேலை முடியும்வரை அந்தக் கணக்கைப் பூட்டிவைக்க வேண்டும். ஒருவர் கையில் இருக்கும் செக்ரோலில் அவர் எழுதி முடிக்கும்வரை இன்னொருவர் எழுத முடியாது அல்லவா? அது போலத்தான்.

மூன்றாவது கேள்வி கைத்தொலைபேசி பற்றியது. 'அனுப்பு' என்று அழுத்தியும் பதில் வரவில்லை. சிக்னல் போய்விட்டது. திரும்பவும் அழுத்துகிறோம். பணம் இரண்டு தடவை போய்விடாதா? கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரே சிட்டையை இரண்டு தடவை ஏட்டில் பதிந்தால் கணக்கு பிழைத்துவிடும். சிட்டைக்கு இலக்கம் இருந்தால், "இந்த இலக்கம் ஏற்கெனவே பதிஞ்சாச்சு" என்று கண்டுபிடித்துவிடலாம். வங்கியிலும் அதே வழிதான். ஒவ்வொரு கட்டளைக்கும் தனி இலக்கம் கொடுத்து, அதே இலக்கம் திரும்ப வந்தால் பணத்தை மறுபடி அனுப்பாமல் முதல் பதிலையே கொடுப்பார்கள்.

எமது பிள்ளைகள் பிறந்த நாள் முதல் பேர், அரைப்பேர், கிலோ, கழிவு என்று கணக்கைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஏட்டில் ஓர் இலக்கம் தவறினால் வீட்டில் சாப்பாடு குறையும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. வங்கிக் கணனியின் அடிப்படையும் இதுதான்.

வாய்விட்டு யோசியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். நேர்முகத்தில் விடையை மட்டும் பார்ப்பதில்லை. விடைக்குப் போகும் வழியையும் பார்க்கிறார்கள். அந்த வழி பிள்ளையின் மனதுக்குள்ளேயே இருந்தால் எதிரில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

பெரியவர்கள் முன்னால் பேசாமல் நிற்பதுதான் மரியாதை என்று நாம் பிள்ளைகளை வளர்த்திருக்கிறோம். துரை முன்னால், பெரிய ஐயா முன்னால், வாத்தியார் முன்னால் தலை குனிந்து நின்று பழக்கம். வீட்டில் அது நல்ல பழக்கமாக இருக்கலாம். நேர்முக மேசையில் அதே மௌனத்தை, "இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது" என்று எடுத்துக்கொள்வார்கள். விடை தெரிந்த பிள்ளையும் மௌனத்தால் வேலையை இழக்க முடியும்.

வாய்விட்டு யோசிப்பது எப்படி? இந்தப் பேச்சைப் பாருங்கள்.

கேட்பவர்: "1,000 கணக்கு இலக்கம் உள்ள ஒரு பட்டியல் இருக்கு. அதுல ஏதாவது இலக்கம் ரெண்டு தடவ வந்திருக்கான்னு எப்படிப் பாப்பீங்க?"

பிள்ளை: "சேர், முதல்ல ஒண்டு கேக்கலாமா? பட்டியல் வரிசைப்படி அடுக்கியிருக்கா, இல்ல கலந்திருக்கா?"

கேட்பவர்: "கலந்திருக்கு."

பிள்ளை: "சரி சேர். எனக்கு முதல்ல தோணுற வழி, ஒவ்வொரு இலக்கத்தையும் மத்த எல்லாத்தோடயும் ஒப்பிட்டுப் பாக்கிறது. அது சரியா வரும். ஆனா 1,000 இலக்கத்துக்கு ஏறக்குறைய 5 இலட்சம் தடவ ஒப்பிடணும். மெதுவான வழி. அதவிட நல்ல வழி, பாத்த இலக்கங்கள ஒரு பக்கம் குறிச்சு வச்சுக்கிட்டே போறது. புது இலக்கம் வரும்போது, குறிப்புல ஏற்கெனவே இருக்கான்னு மட்டும் பாத்தா போதும். அப்போ பட்டியல ஒரு தடவ பாத்தாலே முடிஞ்சிடும். குறிப்பு வைக்கக் கொஞ்சம் கூடுதல் இடம் வேணும், அவ்வளவுதான்."

இதில் நான்கு நல்ல காரியம் நடந்திருக்கிறது. பிள்ளை தெளிவில்லாததைக் கேட்டது. எளிய வழியை முதலில் சொன்னது. அதன் குறையைத் தானே சொன்னது. பிறகு நல்ல வழிக்குப் போய், அதற்குக் கொடுக்கும் விலையையும் சொன்னது. விடையைப் போலவே இந்த நான்குக்கும் மதிப்பு உண்டு.

தெரியாத கேள்வி வந்தால் தெரிந்தது போல் நடிக்க வேண்டாம். "இது நான் பாவிச்சதில்ல சேர். ஆனா எனக்குத் தெரிஞ்சத வச்சு யோசிச்சுப் பாக்கிறேன்" என்று தொடங்கலாம். வங்கியில் தெரியாததைத் தெரியும் என்று சொல்பவரால்தான் ஆபத்து அதிகம். அவர்கள் வழிகாட்டி ஒரு குறிப்புச் சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போக வேண்டும். குறிப்புக் கிடைத்ததை அவமானமாக நினைக்கத் தேவையில்லை.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்"

இறுதி நேர்முகத்தில் வரும் கேள்விகள் வேறு மாதிரி. "ஒரு குழுவில் கருத்து வேறுபாடு வந்தபோது என்ன செய்தீர்கள்?" "பொறுப்பெடுத்துச் செய்த காரியம் ஒன்றைச் சொல்லுங்கள்." "ஏன் வங்கிக்கு வர விரும்புகிறீர்கள்?"

இதற்குக் கதை போல் நீட்டாமல் நான்கு துண்டாகப் பதில் சொல்லப் பழக வேண்டும். நிலைமை என்ன, என் பொறுப்பு என்ன, நான் என்ன செய்தேன், முடிவு என்ன. இரண்டு நிமிடத்தில் முடித்துவிட வேண்டும்.

பெரிய கம்பனியில் பயிற்சி பெற்றிருந்தால்தான் சொல்வதற்கு விஷயம் இருக்கும் என்று நினைக்காதீர்கள். தோட்டத்து மரண உதவிச் சங்கத்தின் சந்தாக் கணக்கைக் கொப்பியிலிருந்து கணனிக்கு மாற்றிக் கொடுத்த பிள்ளை இருக்கலாம். கோயில் திருவிழா வரவு செலவை எழுதிய பிள்ளை இருக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்திய பிள்ளை இருக்கலாம். "சந்தா கட்டியவர்களுக்கும் ஏட்டுக்கும் கணக்குப் பிணக்கு வந்தது. ஒவ்வொரு ரசீதையும் நான் ஒப்பிட்டேன். பிணக்குத் தீர்ந்தது" என்று சொன்னால், அது வங்கிக்காரருக்கு நன்றாகவே விளங்கும்.

பல்கலைக்கழகத்தில் குழுவாகச் செய்த வேலையைப் பற்றிப் பேசும்போது, "நாங்க செஞ்சோம்" என்பதோடு நிறுத்தாமல், "அதுல நான் செஞ்சது இது" என்று பிரித்துச் சொல்ல வேண்டும். இது தற்பெருமை ஆகாது. அவர்கள் வேலைக்கு எடுக்கப்போவது குழுவை அல்ல, உங்களை.

அப்பா அம்மா என்ன வேலை என்று கேட்டால், "தோட்டத்தில் தொழிலாளர்கள்" என்று நிமிர்ந்து சொல்லுங்கள். அதை மறைப்பதற்குக் காரணம் எதுவும் இல்லை.

ஆங்கிலம்

கொழும்பின் பெரிய வங்கிகளில் நேர்முகம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கும். இதை மறைத்துப் பயனில்லை. ஆனால் அவர்களுக்கு வேண்டியது மேடைப் பேச்சு ஆங்கிலம் அல்ல. விளங்கும்படி சொன்னால் போதும். சிறிய வசனங்களாக, ஆறுதலாகப் பேசலாம். கேள்வி விளங்காவிட்டால், "கென் யூ ரிப்பீட் த கொஸ்டியன், ப்ளீஸ்?" என்று கேட்பதில் தவறில்லை. வேறு விடை சொல்லித் தடுமாறுவதைவிடத் திரும்பக் கேட்பது எவ்வளவோ மேல்.

பழக்கத்துக்கு ஒரு வழி சொல்கிறோம். தினமும் அரை மணி நேரம் ஒரு கேள்வியை எடுத்து, விடையை ஆங்கிலத்தில் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். தங்கச்சியையோ நண்பரையோ எதிரில் உட்காரவையுங்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால் அதே விஷயத்தைத் தமிழில் அவருக்கு விளங்கவையுங்கள். கணனி தெரியாத அம்மாவுக்கு ட்ரான்ஸெக்ஷனை விளங்கவைக்க முடிந்தால், அந்த விஷயம் உங்களுக்குள் தெளிவாக இருக்கிறது என்று பொருள்.

ஓர் எழுத்தின் மதிப்பு

2016 பெப்ரவரியில் கணனித் திருடர்கள், நியூயோர்க் பெடரல் ரிசர்வ் வங்கியில் பங்களாதேஷ் மத்திய வங்கிக்கு இருந்த கணக்கிலிருந்து பணம் அனுப்பும்படி போலிக் கட்டளைகள் அனுப்பினார்கள். 8 கோடியே 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்ஸ் நாட்டுக்குப் போய்விட்டது. இன்னும் 2 கோடி டொலர் இலங்கையில் ஒரு நிறுவனத்தின் பெயருக்கு வந்தது. அந்தப் பெயரில் 'ஃபவுண்டேஷன்' என்பது 'ஃபண்டேஷன்' என்று எழுத்துப் பிழையாக இருந்தது. வழியில் இருந்த ஒரு வங்கியில் அதைக் கவனித்துச் சந்தேகப்பட்டார்கள். பணம் தடுக்கப்பட்டுத் திரும்பிப் போனது. வங்கிகள் கவனமான ஆளைத் தேடுவது ஏன் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அதே கவனத்தை எமது பத்திரங்களிலும் வைக்க வேண்டும். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் 'கிருஷ்ணன்', அடையாள அட்டையில் 'கிரிஷ்ணன்', பரீட்சைச் சான்றிதழில் வேறொன்று. தோட்டங்களில் இது சாதாரணமாகக் காணும் விஷயம். வேலைக்கு எடுக்குமுன் வங்கி எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கும். பெயர் பொருந்தாவிட்டால் கைக்கு எட்டிய வேலை தள்ளிப்போகலாம். ஆகவே பிள்ளை படித்துக்கொண்டிருக்கும்போதே பத்திரங்களை எடுத்து மேசையில் வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பிழை இருந்தால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் திருத்தத்துக்கு விண்ணப்பியுங்கள். அதற்கு நாள் எடுக்கும். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி முடித்துவைப்பதும் உதவும்.

விண்ணப்பத்தில் தோட்டத்து விலாசத்தோடு மின்னஞ்சலையும் தொலைபேசி இலக்கத்தையும் கட்டாயம் எழுதுங்கள். தோட்டக் காரியாலயத்துக்கு வரும் கடிதம் கைக்கு வருவதற்குள் நேர்முக நாளே கடந்துவிடக்கூடும். உறவினர் அல்லாத இரண்டு பேரைச் சாட்சிக்குக் கேட்பார்கள். விரிவுரையாளர், பாடசாலை அதிபர் போன்றவர்களிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்கி வையுங்கள்.

வீட்டார் செய்ய வேண்டியவை

நேர்முகம் கொழும்பில் என்றால் முதல் நாளே போய்விடுவது நல்லது. மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண்சரிவு வந்தால் பஸ் எப்போது போய்ச்சேரும் என்று யாரும் சொல்ல முடியாது. உடுப்பு விலை கூடியதாக இருக்கத் தேவையில்லை. சுத்தமாக, மடிப்புக் கலையாமல் இருந்தால் போதும்.

இணையம் வழியாக நேர்முகம் நடப்பதும் உண்டு. லயத்தில் சிக்னல் விட்டுவிட்டு வரும் என்றால், டவுனில் உறவினர் வீட்டிலோ பாடசாலைக் கணனி அறையிலோ ஓர் இடம் ஒழுங்குபண்ணுங்கள். அந்த ஒரு மணி நேரம் ரேடியோ, ரீ.வி. வேண்டாம். யாரும் கோல் எடுக்கவும் வேண்டாம்.

மிக முக்கியமான ஒன்று. "வங்கியில எனக்கு ஆள் இருக்கு, 2 இலட்சம் குடுத்தா வேல நிச்சயம்" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். வேலை கொடுப்பதற்காக ஒழுங்கான வங்கி எதுவும் காசு கேட்காது. விண்ணப்பக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று தனியாள் கணக்குக்குப் பணம் போடச் சொன்னால் அது ஏமாற்று. அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போக வேண்டாம். பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள்.

வேலை கிடைத்து ஒப்பந்தம் வந்ததும் கையெழுத்துப் போடும் அவசரத்தில் வாசிக்காமல் விடாதீர்கள். இத்தனை வருடம் வேலை செய்ய வேண்டும், இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா, சம்பளம் எவ்வளவு, ஊழியர் சேமலாப நிதி உண்டா என்பதைப் பாருங்கள். விளங்காவிட்டால் கேளுங்கள். கேட்டதற்காக யாரும் வேலையைத் திருப்பி எடுக்கமாட்டார்கள்.

கிடைக்காவிட்டால்?

ஒரு நேர்முகத்தில் தவறினால் வாழ்க்கை தவறிவிடாது. ஓர் இடத்துக்குப் பலர் போட்டியிடும்போது கெட்டிக்காரப் பிள்ளைகளும் தவறுவார்கள். வீட்டுக்கு வந்ததும் "என்னா ஆச்சு? ஏன் கெடைக்கல?" என்று குடைந்து கேட்காதீர்கள். முதலில் தேத்தண்ணி கொடுங்கள். பிறகு, கேட்ட கேள்விகளை மறக்குமுன் ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். எந்தக் கேள்வியில் தடுமாறியது என்று பார்த்து அதைப் படிக்கட்டும். அடுத்த அழைப்புக்கு அந்தக் கொப்பிதான் ஆசிரியர். அடுத்த தோட்டத்துப் பிள்ளைக்கு நேர்முகம் வரும்போது அந்தக் கொப்பியை அதற்கும் கொடுங்கள். ஒருவர் போன பாதை மற்றவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

சின்ன வகுப்பில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் தயாரிப்பை இன்றைக்கே தொடங்கலாம். அதற்குக் காசு தேவையில்லை. பிள்ளை ஒரு கணக்கைச் செய்து முடித்ததும், "எப்படிச் செஞ்ச? எனக்கும் சொல்லு பாப்போம்" என்று கேளுங்கள். கேள்வி கேட்டால், "பெரியவங்க பேசும்போது வாய மூடு" என்று சொல்லி அடக்காதீர்கள். வீட்டில் வாய் திறந்து பேசிப் பழகிய பிள்ளைக்கு, நாளைக்கு வங்கியின் மேசை முன்னாலும் வாய் திறக்கும்.